சுடுதண்ணீர் ஹீட்டரை எப்போது மாற்ற வேண்டும்?

மார்கழி மாதம். பெங்களூரில் காலை ஐந்து மணி. நல்ல குளிர்.

எங்கள் தெரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறது. தெருவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஐந்து மணிக்கே எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். ஆண்கள் மார்க்கெட்டுக்கும் கட்டட வேலைக்கும் கிளம்புவார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். அதற்குள் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அப்படி ஒரு சில்லிப்பு.

என் பாட்டி காலத்தில் விறகு அடுப்பில் அண்டா ஏற்றினார்கள். கன்னடக்காரர் வீடுகளில் குளியல் அறையிலேயே செம்பு ஹண்டே பதித்திருப்பார்கள். அடியில் விறகு வைத்து எரிப்பார்கள். இப்போது விறகுக்கு எங்கே போவது? பத்துக்குப் பத்து அறையில் புகை போக எங்கே வழி? அதனால் வீட்டுக்கு ஒரு பக்கெட், ஒரு ஹீட்டர் கம்பி. பக்கெட்டில் கம்பியைத் தொங்க விடுகிறோம். சுவிட்சைப் போடுகிறோம். கால் மணி, அரை மணியில் தண்ணீர் சூடாகிவிடுகிறது.

இந்தக் கம்பியைச் சிலர் ராடு என்பார்கள். சிலர் காயில் என்பார்கள். நான் கம்பி என்றே எழுதுகிறேன்.

நான் இந்தத் தெருவில் மாலை நேர எழுத்து வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். என் மாமா எலக்ட்ரீஷியன். லீவு நாளில் அவருடன் வேலைக்குப் போவேன். அதனால் கம்பியைப் பற்றியும் கீசரைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். ஆனால் என்னை இதை எழுத வைத்தது பக்கத்து வீட்டு அக்கா.

"பழகிப் போச்சு தம்பி"

ஒரு நாள் வகுப்பில் அக்கா சொன்னார். "எங்க வீட்டுத் தண்ணியில கை வச்சா சுர்ருங்குது தம்பி."

"எப்போது இருந்து அக்கா?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்தே. பழகிப் போச்சு. ரெண்டு விரல்தானே வைக்கிறேன், சூடு பார்க்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். வகுப்பில் இருந்த மற்றவர்களும் கூடவே வந்தார்கள்.

கம்பி ஆணியில் மாட்டியிருந்தது. வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. அக்காவின் பெரிய மகள் பிறந்தபோது சீட்டுப் பணத்தில் வாங்கியது. கம்பி முழுக்க வெள்ளைக் காறை. சுண்ணாம்பு பூசின மாதிரி. வளைவு இருக்கும் இடத்தில் காறை உதிர்ந்து ஒரு கரும்புள்ளி தெரிந்தது. விரல் நகத்தால் தடவினால் குழி தட்டியது.

வயரைப் பார்த்தேன். பிளக்கையே காணோம். வயரின் இரண்டு முனைகளைச் சீவி, சுவிட்ச் போர்டு ஓட்டைகளில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்குகிறார்கள். வயருக்குள் மூன்றாவதாக ஒரு பச்சை வயர் உண்டு. அதை மடக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

"பிளக் எங்கே அண்ணே?" என்று அக்காவின் கணவரைக் கேட்டேன்.

"அதைச் சொருகினா டிரிப்பர் விழுந்துடுது தம்பி. வீடே இருட்டாயிடுது. பச்சை வயரை எடுத்துட்டா விழறதில்ல. நானேதான் கண்டுபிடிச்சேன்" என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அவர் கண்டுபிடித்தது என்ன என்று இப்போது பார்ப்போம். கம்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது புரியும்.

கம்பியின் உள்ளே

வெளியே தெரிவது ஒரு உலோகக் குழாய். அதன் உள்ளே மெல்லிய சுருள் கம்பி ஒன்று ஓடுகிறது. மின்சாரம் போவது அந்தச் சுருளில்தான். மின்சாரம் பாய்ந்தால் சுருள் பழுக்கச் சூடாகும்.

சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். மக்னீசியம் ஆக்சைடு என்று அதற்குப் பெயர். இந்தப் பொடி கெட்டிக்காரப் பொடி. சூட்டை வெளியே விடும். மின்சாரத்தை விடாது. அதனால்தான் மின்சாரக் கம்பியைத் தண்ணீரில் போட்டும் தண்ணீரில் மின்சாரம் வருவதில்லை.

குழாயில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் போதும். தண்ணீர் உள்ளே போய்விடும். பொடி நனைந்துவிடும். நனைந்த பொடி மின்சாரத்தைத் தடுக்காது. மின்சாரம் குழாய்க்கு வரும். குழாயில் இருந்து தண்ணீருக்கு வரும்.

பச்சை வயர் எதற்கு? அது எர்த் வயர். குழாயையும் பூமியையும் இணைப்பது. குழாய்க்கு மின்சாரம் கசிந்தால், பச்சை வயர் அதைப் பிடித்துப் பூமிக்கு அனுப்பிவிடும். அப்போது மின்சாரம் தாறுமாறாக ஓடும். உடனே டிரிப்பர் விழும். விழ வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் என்ன செய்தார்? பச்சை வயரை எடுத்துவிட்டார். கசிந்த மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக வழி இல்லை. அது தண்ணீரிலேயே காத்திருந்தது. அக்கா ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று விரலை வைத்தார். மின்சாரத்துக்கு வழி கிடைத்தது. அந்த வழி அக்காவின் உடம்பு.

இதை விளக்கியபோது அண்ணன் எதுவும் பேசவில்லை. கம்பியை வாங்கிப் பார்த்தார். வளைவில் இருந்த குழியைத் தானும் தடவிப் பார்த்தார். "புள்ளைங்களும் கை விட்டுருக்குமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கம்பியை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

தண்ணீரில் லேசாக சுர் என்றால் கம்பியின் ஆயுள் முடிந்தது. இதில் லேசு, பலம் என்ற பேச்சே இல்லை. இன்று லேசாக இருப்பது நாளை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரை எவ்வளவு ஈரம், காலில் செருப்பு உண்டா, ஓட்டை எவ்வளவு பெரிதாகிவிட்டது, இவற்றைப் பொறுத்தது அது.

கம்பியைச் சொருகும்போது மட்டும் டிரிப்பர் விழுகிறதா? குற்றவாளி கம்பிதான். டிரிப்பரைக் குறை சொல்லக் கூடாது. பழைய வீடுகளில் டிரிப்பருக்குப் பதில் பீஸ் கட்டை இருக்கும். அதில் பீஸ் வயர் அடிக்கடி எரிந்து போகும். சிலர் எரிச்சலில் தடிமனான கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பீஸ் போகாது. வீட்டு வயரிங்தான் போகும்.

சூடு ஒரே பக்கம் வருகிறதா? குமிழி ஓர் இடத்தில் மட்டும் பொங்குகிறதா? வளைவுகளில் வீக்கம், வெடிப்பு, கரும்புள்ளி, பச்சைக் களிம்பு இருக்கிறதா? மாற்ற வேண்டியதுதான்.

கைப்பிடியை ஒட்டி வயர் விறைத்துப் போயிருக்கிறதா என்று மடக்கிப் பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மடக்க வேண்டும். ஆவி பட்டுப் பட்டு அந்த இடம்தான் முதலில் வெடிக்கும்.

பிளக்கையும் பாருங்கள். பழுப்பாகி உருகியிருந்தால் அது வேறு கதை. அதற்குக் கம்பி காரணமாக இருக்காது. சொருகிய இடம் காரணமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பி 1500 வாட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை வரும். அதாவது ஆறரை ஆம்பியர் ஓடுகிறது. பேன், விளக்கு போடும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர் தாங்கும். தலைக்கு மேல் சுமை ஏற்றினால் கழுத்து வலிக்கத்தானே செய்யும்? அதனால் கம்பியைப் பெரிய சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். அதில் 16 என்று போட்டிருக்கும். பழையதாக இருந்தால் 15 என்று இருக்கும்.

இன்னொன்று. தண்ணீரில் போடாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் கம்பி சிவந்து போகும். மறதியில் இப்படி நடக்கும். தண்ணீர் சுற்றி இல்லாததால் சூடு போக வழியில்லை. குழாய் விரிந்து வெடிக்கலாம். அப்படிச் சிவந்த கம்பியை மறுபடி தண்ணீரில் போடாதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப முடியாது.

வெள்ளைக் காறை ஏன் வருகிறது?

எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வரும். நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து பம்பு செய்து கொண்டு வருகிறார்கள். ஆனால் எல்லா நாளும் வராது. வராத நாளில் போர் தண்ணீர்தான். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேக நேரமாகும். அது உப்புத் தண்ணீர் என்று நமக்குத் தெரியும். அந்த உப்புகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் சூடானால் அது பிரிந்து கம்பியில் ஒட்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் இது.

காறை கம்பிக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. உள்ளே சூடு வருகிறது. வெளியே போக முடியவில்லை. கம்பி தன் சூட்டில் தானே வேகிறது. அதனால்தான் உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் கம்பி சீக்கிரம் போகிறது.

காறை இருக்கிறது என்பதற்காக உடனே தூக்கிப் போட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் கம்பியை ஊற வையுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும். கைப்பிடி நனையக் கூடாது. காறை நெகிழ்ந்ததும் துணியால் துடைத்து விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். துடைத்த பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குழாய் வழுவழுப்பாக இருந்தால் இன்னும் ஓடும். குழி இருந்தால் ஓடாது.

"பத்த வச்சுத் தரேன்" என்று சிலர் சொல்வார்கள். என் மாமா சிரிப்பார். "குழாயைப் பத்த வைக்கலாம். உள்ளே நனைஞ்ச பொடியை யார் மாத்துவா?" என்று கேட்பார். கம்பிக்கு வைத்தியம் இல்லை.

விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம்

நல்ல கம்பியாக இருந்தாலும், சுவிட்ச் ஓடும்போது தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது. கம்பி எந்த நிமிடம் ஓட்டை ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சூடு பார்க்க வேண்டுமா? சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்குப் பிறகு கை வையுங்கள்.

சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா? போதாது. சில வீடுகளில் வயரிங் தப்பாக இருக்கும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் கம்பி வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கும். பிடுங்கிவிட்டால் சந்தேகம் இல்லை.

இரும்பு வாளி, அலுமினியக் குண்டான் வேண்டாம். கசிவு இருந்தால் பாத்திரமே ஷாக் அடிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் நல்லது. ஆனால் கம்பி பக்கெட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தால் பக்கெட் உருகும். கம்பியில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள். கீழ்க் கோடு வரைக்கும் தண்ணீர் வேண்டும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடும்போது பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கதவைச் சாத்தி வையுங்கள்.

யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் அவரைத் தொடாதீர்கள். தொட்டால் உங்களையும் பிடிக்கும். ஓடிப் போய் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த மரக் கட்டையால் அவரை விலக்குங்கள். நீங்கள் நிற்கும் இடமும் காய்ந்திருக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

முதலாளி வீட்டுக் கீசர்

அக்கா மல்லேஸ்வரத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். இரண்டிலும் கீசர் இருக்கிறது. கம்பிக் கதையைக் கேட்ட மறுவாரம் அக்கா வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு வீட்டுக் கீசர்ல கடகடன்னு சத்தம் வருது தம்பி. சோளம் பொரியற மாதிரி. அடியில தண்ணி சொட்டுது. அந்த அம்மா துணி வச்சுக் கட்டச் சொன்னாங்க. நானும் கட்டிட்டேன். அது தப்பா?"

எங்கே சொட்டுகிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கீசரில் சொட்டு வரும் இடங்கள் பல. எல்லாம் ஒன்று அல்ல.

கீசர் என்பது ஒரு மூடிய டாங்க். கம்பியில் இருப்பது போன்ற சூடு குழாய் அதற்குள் இருக்கிறது. டாங்கைச் சுற்றிச் சூடு போகாமல் இருக்கப் பஞ்சு போன்ற பொருள் வைத்திருக்கிறார்கள். அதற்கு வெளியேதான் நாம் பார்க்கும் மூடி. தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் தெர்மோஸ்டாட் என்ற சின்னக் கருவி மின்சாரத்தை நிறுத்தும். அது வேலை செய்யாவிட்டால் இன்னொரு கருவி நிறுத்தும். அதுவும் வேலை செய்யாவிட்டால்? தண்ணீர் கொதிக்கும். ஆவி சேரும். அழுத்தம் ஏறும். குக்கரில் விசில் இருப்பது போல, கீசரிலும் அழுத்தத்தை வெளியே விட ஒரு வால்வு உண்டு. அதுதான் சேப்டி வால்வு.

தண்ணீர் சூடானால் கொஞ்சம் விரியும். 15 லிட்டர் தண்ணீர் நன்றாகச் சூடானால் ஒரு டம்ளர் அளவு கூடும். அந்தக் கூடுதல் தண்ணீர் சேப்டி வால்வு வழியாகச் சொட்டலாம். சூடாகும்போது மட்டும் சொட்டினால் பயம் இல்லை. நாள் முழுக்கச் சொட்டினாலோ, பீய்ச்சி அடித்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் அந்த வாயை அடைக்கக் கூடாது. துணி கட்டுவது, டேப் சுற்றுவது, மரக் கட்டை அடிப்பது எல்லாம் குக்கர் விசிலை அடைத்தது போல. கீசர் வெடித்துச் சுவர் பெயர்ந்த வீடுகள் உண்டு.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. அன்று ராத்திரியே அந்த வீட்டுக்குப் போன் செய்தார். "அம்மா, மெயினை அணைச்சு வையுங்க. துணியை நான் வந்து அவுக்கிறேன்." எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா மூன்று தடவை அதையே சொன்னார். வேலை போய்விடுமோ என்ற பயமும் குரலில் இருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றினார். வால்வு மட்டும் அல்ல, டாங்கும் ஓட்டை. பஞ்சு முழுக்க நனைந்து துரு ஏறியிருந்தது. கீசருக்கு வயது பன்னிரண்டு.

கீசரில் எதைச் சரி செய்யலாம், எதை முடியாது?

மாமா சொல்லிக் கொடுத்த வழி எளிது. டாங்குக்கு வெளியே எது கெட்டாலும் மாற்றலாம். சூடு குழாய், தெர்மோஸ்டாட், வால்வு, ரப்பர் வாஷர், வயர் எல்லாம் கடையில் தனியாகக் கிடைக்கும். டாங்க் ஓட்டை ஆனால் கீசரையே மாற்ற வேண்டும். "டாங்கைப் பத்த வச்சுடலாம்" என்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஓர் இடம் துருப்பிடித்தால் மற்ற இடமும் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

டாங்கா, குழாயா என்று நீங்களே பார்க்கலாம். கீசரை அணைத்துவிட்டு, மேலே கீழே எல்லாம் துணியால் துடையுங்கள். பிறகு காத்திருங்கள். முதல் சொட்டு எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். குழாய் மரையில் வந்தால் சின்ன வேலை. மூடிக்கு உள்ளே இருந்து வந்தால் சூடு குழாய் வாஷராக இருக்கலாம், டாங்காகவும் இருக்கலாம். வாஷர் மாற்றியும் நிற்காவிட்டால் டாங்க்தான்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறதா? இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர் பிடியுங்கள். மற்றதில் வெந்நீர் பிடியுங்கள். இரண்டும் கலங்கலாக இருந்தால் மாடித் தொட்டியையோ பைப்பையோ பாருங்கள். வெந்நீர் மட்டும் கலங்கலாக இருந்தால் கீசர் உள்ளே துருப்பிடிக்கிறது.

இரும்பு டாங்க் உள்ள கீசரில் மக்னீசியக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். துரு முதலில் இதைத் தின்னும். டாங்கை விட்டுவிடும். வீட்டுக்காகத் தான் தேய்கிறவர்கள் மாதிரி அது தேயும். முழுக்கத் தேய்ந்த பிறகு துரு டாங்கைத் தின்னத் தொடங்கும். சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் "மக்னீசியக் கம்பியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்டால்தான் கழற்றுவார்கள். அதை நேரத்துக்கு மாற்றினால் கீசர் பல ஆண்டு கூடுதலாக ஓடும்.

சோளம் பொரியும் சத்தம் காறையின் சத்தம். சூடு குழாயில் ஒட்டிய காறைக்கு அடியில் தண்ணீர் கொதித்து வெடிக்கிறது. கழுவினால் போகும். கழுவியும் சீக்கிரமே திரும்பி வந்தால், கீசருக்கு வயதும் பத்தைத் தாண்டியிருந்தால், புதிதுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

முன்பை விட நேரம் அதிகம் ஆகிறது என்று பலர் கீசரைத் திட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். 15 லிட்டர் கீசர், 2000 வாட்ஸ் என்றால், குளிர்ந்த தண்ணீரை நல்ல சூடாக்க 20 முதல் 25 நிமிடம் ஆகும். மின்சாரம் 230 வோல்ட்டில் இருந்து 180-க்கு இறங்கினால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். அது கீசரின் குற்றம் இல்லை. விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் முக்கால் மணி ஆகிறது என்றால்தான் கீசரைத் திறக்க வேண்டும்.

குழாயைத் தொட்டால் சுர் என்றால் கீசரும் கம்பி மாதிரிதான். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரைக்கும் அந்தக் குளியல் அறையில் யாரும் குளிக்கக் கூடாது. புது வீடுகளில் கசிவு டிரிப்பர் வைக்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். உயிர் காக்கும் பொருள். வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். வாடகை கொடுக்கிறோம், கேட்பதில் தப்பில்லை.

கேஸ் கீசர்

சில வீடுகளில் சிலிண்டரில் ஓடும் கீசர் இருக்கும். இதில் ஷாக் பயம் குறைவு. வேறு பயம் உண்டு. காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷக் காற்று வரும். அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. சாத்திய குளியல் அறையில் அது சேர்ந்தால் தலை சுற்றும், வாந்தி வரும், மயக்கம் வரும். கூப்பிடக்கூட முடியாது. குளிர்காலத்தில் பல ஊர்களில் இருந்து இப்படிச் சாவுச் செய்தி வந்திருக்கிறது.

நெருப்பு நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ அன்றே நிறுத்துங்கள். குளித்து வந்தவருக்குத் தலை வலித்தாலும் சந்தேகப்படுங்கள். கேஸ் கீசரைக் குளியல் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்ட வேண்டும். உள்ளே மாட்டியிருந்தால், அது புதிதாக இருந்தாலும் இடத்தை மாற்றுங்கள்.

புதுக் கம்பி

அக்கா ஒரு நாள் கூலியைப் போட்டுப் புதுக் கம்பி வாங்கினார். தெருவோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று அண்ணன் சொன்னார். அக்கா கேட்கவில்லை. கடைக்குப் போனார். டப்பாவை வாங்கி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினார். வகுப்பில் அந்த முத்திரையைப் படம் போட்டுக் காட்டியிருந்தேன். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். என்று ஒரு எண் இருக்கும். கம்பிக்கு 368. கீசருக்கு 2082. கீழே சி.எம்./எல் என்று லைசென்ஸ் எண் இருக்கும். இரண்டு எண்ணும் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் அது போலியாக இருக்கலாம். எழுத்து இங்கிலீஷில் இருந்தாலும் எண்ணை நாம் படிக்கலாம்.

"மூணு, ஆறு, எட்டு. சரிதானே தம்பி?" என்று வகுப்பில் டப்பாவைக் காட்டினார். சரிதான் என்றேன். பிளக்கில் மூன்று பின் இருப்பதையும் எண்ணிக் காட்டினார்.

பழைய கம்பியைப் பழைய இரும்புக்காரரிடம் போட எடுத்து வைத்திருந்தார். நான் கட்டிங் பிளேயர் கொண்டு போயிருந்தேன். கைப்பிடியை ஒட்டி வயரை வெட்டி எடுத்துவிட்டோம். முழுசாகக் கொடுத்தால் யாராவது துடைத்து விற்பார்கள். இன்னொரு வீட்டுப் பக்கெட்டில் அது தொங்கும்.